தயவுசெய்து அக்கா

அந்த ஊரில் வீட்டுக்கு இணையம் வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் அவள் குரல் பழக்கம். முகம்தான் தெரியாது. லைன் போய்விட்டால் கம்பெனிக்கு போன் போட வேண்டும். போட்டதும் எடுப்பவள் அவள். "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்." இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்த குரல். விஷயம் தெரிந்த அடுக்குமாடிக்காரர்கள் அவளுக்குத் தயவுசெய்து அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அக்கா, நேத்து அரை மணி நேரம் உங்ககூடத்தான் இருந்தேன்" என்று லிஃப்டில், அவள் கணவர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

முதலில் அவள் ஒரு பெரிய துணிக்கடையில் மைக்கில் அறிவிப்பவளாக இருந்தாள். "நீலச் சட்டை அணிந்த குழந்தை ஒன்று இரண்டாம் தளத்தில் காத்திருக்கிறது" என்று அவள் சொன்னால், தொலைந்த குழந்தை அழுகையை நிறுத்தும். தொலைத்த அம்மாவும் நிறுத்துவாள். கால்சட்டை வாங்க வந்த விளம்பரக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுக் கால்சட்டையை வாங்காமல் இவளைக் கூட்டிக்கொண்டு போனார். கம்பெனியின் விளம்பரங்களும் அவளுடையவைதான். "அளவில்லா இணையம், குறைந்த கட்டணம்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, குறிப்பிட்ட பயன்பாட்டைக் கடந்தபின் வேகம் குறைக்கப்படும் நிபந்தனைகளுக்குட்பட்டது என்பதை ஒரே மூச்சில் ஓட்டிவிடுவாள். அந்த ஓட்டத்துக்கு ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், குரல் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால்கூட, "ஈரத் துண்டைக் கட்டிலில் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் வரும். கணவர் அதை வேறு யாருக்கோ சொன்ன அறிவிப்பாக எடுத்துக்கொண்டு துண்டை அங்கேயே போடுவார். "இவ திட்டுறாளா, டோக்கன் கூப்பிடுறாளான்னே புரியல" என்பாள் மாமியார்.

இப்போது கம்பெனி குரலை மாற்றப் போகிறது. இத்தனை மரியாதையைக் கேட்டால் காத்திருப்பவர்களுக்குக் கோபம் இன்னும் ஏறுகிறதாம். வீட்டு மனுஷி பேசுவதுபோல் வேண்டும் என்று பலரிடமும் மாதிரிப் பதிவு கேட்டிருந்தார்கள், இவளிடமும். இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை வேறொருத்திக்கு.

காலையிலேயே துணி அலமாரிக்குள், போர்வைகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பேசிப் பதிந்துவிட்டாள். அவள் ஸ்டூடியோ அதுதான். மதியம் அனுப்பப் போனால், எவ்வளவு போயிருக்கிறது என்று திரையில் காட்டும் நீலக் கோடு எறும்பின் மீசை அளவுக்கு நகர்ந்து நின்றுவிட்டது.

கணவருக்கு அன்று வார விடுமுறை. "ஏம்மா, அளவில்லாததுன்னு சொன்னாங்களே?"

"சொன்னது நான்."

"அப்புறமென்ன?"

"அதுக்கப்புறமும் கொஞ்சம் சொன்னேன். நீங்க கவனிக்கல."

"அதுவா? நீ தும்முனன்னு நெனச்சேன்."

டேட்டாவைத் தின்றது யார் என்று தேடவே வேண்டியதில்லை. கூடத்தில் மாமியார் தொடரைப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தினமும் அப்படித்தான். அவள் பார்ப்பது ஒரு பகுதி. மீதிக் கதை முழுவதையும், வில்லியின் கண்மை கலைவது வரை தெரிகிற தெளிவில், டிவி தானே போட்டுத் தானே பார்த்துக்கொள்ளும். பதிவை அனுப்ப வேறு வழியும் இல்லை. வீட்டில்தான் அளவில்லாமல் இருக்கிறதே, போனுக்கு வேறு தண்டமா என்று இரண்டு போன்களிலும் டேட்டாவைக் கணவர் நிறுத்தியிருந்தார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது.

கம்பெனிக்கு போன் போட்டாள். அவளே எடுத்தாள்.

தன்னைத் தானே காக்க வைப்பதை அவள் கொஞ்ச நேரம் தொழில்முறையில் கேட்டாள். 'மிகவும்' கொஞ்சம் நீண்டுவிட்டது, குறைத்திருக்கலாம். பிறகு எரிச்சல் வந்தது. இந்தப் பொம்பளைக்கு வேறு வேலையே இல்லையா என்று தோன்றியது.

கடைசியில் ஓர் ஆண் குரல் வந்தது. "வணக்கம், சொல்லுங்க."

"வணக்கம். எங்கள் வீட்டு இணைப்பின் வேகம் மிகவும் குறைந்துள்ளது."

"ஹலோ? ஹலோ?" அந்தக் குரல் யாரிடமோ திரும்பியது. "அண்ணே, இன்னும் ரெக்கார்டிங்கே ஓடுது. ஆள் வரல." துண்டித்துவிட்டான்.

கணவர் சோபாவில் உருண்டு சிரித்தார். "குடு, நான் பேசுறேன்" என்று வாங்கிப் போட்டார். இணைப்பு அவள் பெயரில் இருந்தது; கம்பெனிக்குக் குரல் கொடுப்பவள் என்று கட்டணத்தில் சலுகை. "யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்ட குடுங்க சார்" என்றது அதே குரல். கொடுத்தார்.

"தங்களுக்கு நன்றி. என் கோரிக்கை என்னவென்றால்..."

"சார், மறுபடியும் ரெக்கார்டிங்குக்குப் போயிருச்சு சார்."

தான் மனுஷிதான் என்பதை எந்தக் குரலில் சொல்வது? வாயைத் திறந்தால் இஸ்திரி போட்டதுதான் வந்தது. சுவர்க் கடிகாரம் வேறு அதன் பாட்டுக்கு ஓடியது.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் மாமியார் விழித்து டிவியைப் பார்த்தாள். "ஏன்டி! இவன் வாயத் தொறந்தவன் தொறந்தபடியே நிக்கிறான் பாரு!"

"அத்த! அவன் வாய மூடணும்னா மொதல்ல நீங்க டிவிய மூடணும்! தூங்கித் தூங்கியே மாசம் பூராவுக்கும் உள்ளத முழுங்கியாச்சு!"

கணவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமியார் ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தாள்.

"மேடம்!" என்றது போன். "நீங்க ஆளா? சொல்லுங்க மேடம், சொல்லுங்க."

வந்த குரலை அவள் விடவில்லை. "என்னத்தச் சொல்றது! ஸ்பீடு சுத்தமா இல்ல. சாயந்தரத்துக்குள்ள ஒரு ஃபைல் போகலன்னா என் பொழப்பு போச்சு."

"உங்க பயன்பாட்டு அளவு முடிஞ்சிருச்சு மேடம். மாசக் கட்டணத்துல பாதி கட்டுனா கூடுதல் டேட்டா போட்டுக்கலாம்."

"அளவில்லாததுல அளவு எப்படிய்யா முடியும்?"

"நிபந்தனையில சொல்லியிருக்கோம் மேடம்."

"சொன்னதே நான்தான்யா!"

"தயவுசெய்து காத்திருக்கவும்... அது நீங்களா மேடம்?"

"நான்தான்."

"நீங்க இப்படி இருப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல."

"எப்படி?"

"எங்க சித்தி மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மேடம், லைனே வேணாம், துண்டிச்சுருங்கன்னு சொல்றவங்களுக்கு மட்டும், அவங்க போகாம இருக்க, இன்னைக்கு ஒரு நாள் முழு ஸ்பீடு குடுக்கலாம். நானாச் சொல்லித் தரக் கூடாது. நீங்களாக் கேக்கணும்."

"துண்டிச்சு எறிய்யா உன் லைன!"

"ரொம்ப நன்றி மேடம்."

மோடத்தில் பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. காலையில் பதிந்ததை அனுப்பும் முன் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். அலமாரிக்குள் ஒரு லிஃப்ட் நின்று, மாடி எண்ணைச் சொல்வதுபோல் இருந்தது. அதை அழித்தாள். தலையை மறுபடி போர்வைகளுக்குள் விட்டாள். அவசரத்தில் அலமாரிக் கதவையோ அறைக் கதவையோ சாத்தவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள், இப்போது கிடைத்த குரலில். "எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிட்டுட்டீங்க. இங்க இருக்கறது நாலே பேரு. இதோ வந்துருவாங்க."

தொடருக்காகக் காத்திருந்த மாமியார், அது தனக்குச் சொன்னது என்று நினைத்து அறை வாசலில் வந்து நின்றாள். "எவ்ளோ நேரம்டி?"

திரும்பப் பதிய நேரமில்லை. அப்படியே அனுப்பினாள். நீலக் கோடு ஒரே ஓட்டமாகப் போய் முட்டியது.

இருட்டுவதற்குள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மூன்று பேரும் கேட்கட்டும் என்று கணவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"நீங்கதான் மேடம். முடிவு பண்ணிட்டாங்க. ஒரே ஒரு விஷயம். கடைசியில பின்னாடி யாரோ ஒரு அம்மா எவ்ளோ நேரம்டின்னு கேக்குறாங்க. அத மட்டும் வெட்டிடுறோம்."

அவள் சரி என்பதற்குள் மாமியார் போன் பக்கம் குனிந்தாள். "எதுக்கும்மா வெட்டணும்? போன் பண்றவன் ஒவ்வொருத்தனும் அதத்தான கேக்கறான்?"