நேர்ச்சாலையில் ஒரு திருப்பம்

டயர் கடையில் அவளை எல்லோரும் ரேகைக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோயிற்று. கழற்றிப் போட்ட டயரைச் சுவரில் சாய்த்து வைத்து, உள்ளங்கையை அதன் மேல் மெல்ல ஓட்டி, "இவருக்குப் பொறுமை கம்மி. சிக்னல் பக்கத்துல வந்தப்புறம்தான் பிரேக்கையே நினைச்சுப் பாக்குறாரு" என்பாள். வண்டிக்காரரின் மனைவி பக்கத்தில் இருந்தால், வீட்டிலும் அப்படித்தான் என்று ஒத்துக்கொள்வாள். ஜோசியக்காரர் கைரேகை பார்ப்பதுபோல இவள் டயர் பார்க்கிறாள் என்று பட்டறை ஆட்கள் கேலியாக வைத்த பெயர், கேலி போய் மரியாதையாகி இருபது வருஷம் ஆகிவிட்டது.

அவள் வந்தது தொலைபேசி எடுக்கத்தான். எந்த வண்டிக்கு எந்த டயர் என்று யாராவது கேட்டால், ஒவ்வொரு தடவையும் பின்னால் பட்டறைக்கு ஓடிப் போய்த் தலைமை மெக்கானிக்கைக் கேட்பாள். அவர் முன்கோபி. ஒருநாள், "என்னை ஏன் கேக்குற, உனக்குக் கண்ணு இல்லையா, வந்து பாரு" என்று கத்தினார். அவளும் சரியென்று போய்ப் பார்த்தாள். அன்றைக்குப் பார்க்க ஆரம்பித்தவள் அதன் பிறகு நிறுத்தவில்லை. டயரின் மேல் கட்டி கட்டியாக இருக்கும் பட்டன்கள் உள்பக்கம் தேய்ந்தால் சக்கரம் கோணல், நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், ஓரங்களில் தேய்ந்தால் காற்று குறைவு. அதற்கு மேல் மிச்சமிருப்பது ஓட்டுகிறவரின் குணம். புதிதாக வருகிறவர்கள் கவுன்டரில் அவளைப் பார்த்துவிட்டு, ஆம்பளைங்க யாரும் இல்லையா என்று கேட்பதுண்டு. "இருக்காங்க, டயர் தூக்க" என்பாள்.

கண் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கறுப்பு நிறத்தில், கப்பல் மாதிரி நீளமான சொகுசுக் காரை வாசலில் நிறுத்திவிட்டு நேராக அவளிடம் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கண்ணுக்குள் கத்தி வைத்து வேலை செய்கிறவர் என்பதால் கையை ஆட்டிப் பேசும் வழக்கம்கூட இல்லாதவர். நாலு டயரும் மாற்ற வேண்டும், வெயில், மழை, குளிர் எல்லாவற்றுக்கும் ஒரே டயராக வேண்டும், காலத்துக்குக் காலம் மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை என்றார்.

அவள் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். ஆல் சீசன் டயர் எதிலும் முதல் மார்க் வாங்காது, எதிலும் ஃபெயிலும் ஆகாது. வண்டி கனம் என்பதால் அந்தக் கனத்தைத் தாங்கும் என்று டயரில் போட்டிருக்கிற எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி என்பதால் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. பிறகு மூன்று ரகங்களை உருட்டி வந்து காட்டினாள். ஒன்று நீண்ட நாள் உழைக்கும். ஒன்று ஈரத் தரையில் சட்டென்று நிற்கும், ஆனால் உறுமும். மூன்றாவதில் உள்பக்கம் பஞ்சு ஒட்டியிருக்கும், ஓடுகிற சத்தமே கேட்காது. டாக்டர் யோசிக்கவே இல்லை. நாள் முழுக்க நோயாளிகள் பேச்சு, காரிலாவது காது சும்மா இருக்கட்டும் என்று பஞ்சு வைத்ததை எடுத்துக்கொண்டார்.

நாலே மாதத்தில் திரும்பி வந்தார். முன்பக்க வலது டயரின் வெளியோரம் அரம் வைத்து ராவியது போல இருந்தது. அலைன்மெண்ட் மெஷினில் ஏற்றிப் பார்த்தார்கள். முடியளவு கோணல்கூட இல்லை. அவள் உள்ளங்கையை ஓட்டினாள். மூன்று டயரிலும் நிதானமான மனிதர் தெரிந்தார். நாலாவதில் மட்டும் வேறு யாரோ இருந்தார். வேகமாகப் போகும்போது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிற ஆள். அதுவும் ஒருநாள் இருநாள் அல்ல, தினமும்.

"டாக்டர், யார்கிட்டயாவது வண்டியக் குடுக்குறீங்களா?"

"நான் மட்டும்தான் ஓட்டுறேன். ஏன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் புது டயர்கள் போட்டு அனுப்பினாள். அடுத்த நாலு மாதத்தில் மறுபடி அதே டயர், அதே ஓரம். இந்த முறை அவள் முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒருநாள் காலை டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே காரில் ஏறிக்கொண்டாள்.

கார் உண்மையிலேயே சத்தமில்லாமல் போனது. டாக்டர் தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். மூடிக்கிடக்கும் ஆலையின் பின்னால் ஒரு ஒருவழிச் சாலை. வலப்பக்கம் ஆலையின் மதில், இடப்பக்கம் அகலமான மண் ஓரம், அதற்கப்பால் கால்வாய். கயிறு கட்டி இழுத்தது போல நேரான சாலை, முன்னால் ஈ காக்கை இல்லை. மகளுக்குக் கணக்குப் பாடம் பிடிக்கும், ஆனால், என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பிரேக்கை அழுத்தி ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். பெல்ட் அவள் தோளை அறுத்தது. டயர் கிறீச்சிட்டது. வண்டி பாதி மண்ணில் இறங்கி மறுபடி சாலைக்கு ஏறி நேரானது.

"ஆனா பரீட்சைன்னா பயப்படுறா" என்று அவர் வாக்கியத்தை முடித்தார்.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். வேர்வை இல்லை, பதற்றம் இல்லை. எதுக்கு டாக்டர் திருப்பினீங்க என்று கேட்டாள். எதைத் திருப்பினேன் என்றார். விளையாடுகிற முகமாக இல்லை. அவள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கடைக்குத் திரும்பினாள்.

இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரில் தனியாக அந்தச் சாலைக்குப் போனாள். அப்போதுதான் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்கூட்டரை மண் ஓரத்திலேயே நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்த்தாள். டயர் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து தார் கன்னங்கரேலென்று மினுங்கியது. அந்தக் கறுப்பு நேராகப் போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் இடப்பக்கம் வளைந்து, மறுபடி நேரானது. வளைவுக்குள்ளே ஒரு திட்டு. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்தால் பிடிக்கும் அளவு. அங்கே மட்டும் தார் வெளிறி, போட்ட நாளில் இருந்த சொரசொரப்போடு இருந்தது. எந்தச் சக்கரமும் அதில் ஏறியதே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ரப்பரைப் பார்த்தவளுக்கு அதைச் சொல்ல இன்னொருவர் தேவையில்லை.

அரைமணி நேரம் நின்று பார்த்தாள். லாரி வந்தது, விலகிப் போனது. பால் வேன், இரண்டு கார்கள், மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பதி. எல்லாம் விலகிப் போயின. மெதுவாக வந்தவர்கள் மெதுவாக விலகினார்கள், வேகமாக வந்தவர்கள் வெடுக்கென்று விலகினார்கள். தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டே சைக்கிள் மிதித்து வந்த ஒருவன், சிரிப்பு நிற்காமலேயே அந்தத் திட்டைச் சுற்றிக்கொண்டு போனான். ஒருவர்கூடக் கீழே குனிந்து பார்க்கவில்லை.

வண்டி வராத நேரம் பார்த்து, திட்டின் நடுவில் போய் நிற்கலாம் என்று அவள் நடந்தாள். நேராகத்தான் நடந்தாள். நின்று பார்த்தால் ஆலை மதில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திட்டு முதுகுக்குப் பின்னால் இருந்தது. செருப்பில் ஒட்டியிருந்த ஈரமண் தாரில் அடி அடியாகப் பதிந்திருந்தது. அந்த அடிகள் திட்டுக்குப் பக்கத்தில் வந்து, வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தன. வளைந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. மறுபடி நடந்தாள். மூன்றாவது தடவை அடிமேல் அடி வைத்து, கண்ணை எடுக்காமல் நடந்தாள். மூன்று வரிசை அடிகளும் ஒன்றுபோல வளைந்திருந்தன. கீழே கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து எறிந்தாள். அது சாதாரணமாகத் திட்டில் விழுந்து, உருண்டு, நின்றது. கல்லுக்கு ஒன்றும் இல்லை. மனிதர்களுக்குத்தான்.

அவள் புருஷன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். சாயங்காலம் இருவரும் வீட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஆலைப் பின்பக்கச் சாலையில் போவதுண்டா என்று சாதாரணமாகக் கேட்டாள். தினம் காலையில் போவதாகச் சொன்னார்.

"அங்க எப்படிப் போவீங்க?"

"அங்கயா? கொஞ்சம் மெதுவாத்தான் போவேன். அப்படித்தானே போகணும்."

"ஏன் மெதுவா?"

அவர் கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். எதற்கு மூச்சு விடுகிறீர்கள் என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி ஒரு பார்வை. பிள்ளைங்க இருக்காங்கல்ல என்று சொல்லிவிட்டுக் மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவள் அதற்கு மேல் கிளறவில்லை. நாற்பது பிள்ளைகள் அந்தச் சாலையில் போகிறார்கள், இவர் கை நிதானமான கை, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் டாக்டர் வேகமாகப் போகிறவர். கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை, நம்பவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அழைத்துப் போய்க் காட்டினாள். அவர் படித்தவர் பாணியில் எல்லாம் செய்து பார்த்தார். சுண்ணக்கட்டியால் தாரில் நேர்க்கோடு போட்டு அதன் மேல் நடந்தார். கோட்டை விட்டு விலகியது அவருக்குத் தெரியவில்லை. அவள் சொல்லித்தான் தெரிந்தது. மண்டி போட்டு உட்கார்ந்து திட்டில் கை வைக்கப் பார்த்தார். கண்ணுக்குள் ஊசி நுழைக்கும் அந்தக் கை, ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் தள்ளியே போய் விழுந்தது. ஐந்தாவது தடவை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மதிலில் சாய்ந்து நின்று பேசினார். எல்லோர் கண்ணிலும் ஒன்றும் தெரியாத ஒரு புள்ளி இருக்கிறதாம். அங்கே ஓட்டை இருப்பதே நமக்குத் தெரியாமல் மூளை அதை நிரப்பிவிடுகிறதாம். முப்பது வருஷமாக நோயாளிகளுக்கு அதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். இது அதுவல்ல என்று அவரே சொன்னார். அதில் கண் பார்க்காது. இதில் கண் பார்க்கிறது, நமக்குள் வேறு ஏதோ அதற்கு மேலும் பார்க்கிறது.

வேற ரோட்ல போங்க டாக்டர் என்றாள் அவள். அவர் கார் வரை நடந்து, கதவில் கை வைத்துத் திரும்பினார்.

"வேற ரோட்ல போனா, நான் விலகுறேனான்னு எனக்குத் தெரியாமலே போயிடும். இங்க என்ன கிடக்குதுன்னு தெரியல. ஆனா நான் ஒருநாளும் அது மேல ஏத்தல, பாத்தீங்களா? எனக்கே தெரியாம ஏத்தல."

கண் கலங்கியிருந்தது. தன்னைப் பற்றி யாரோ நல்லதாக ஒன்று சொல்லிவிட்ட மனிதர் மாதிரி நின்றார். கடைக்கு வாங்க, டயர் மாத்தணும் என்றாள் அவள்.

அன்று மதியமே வந்தார். பஞ்சு வைத்த ரகத்தை அவள் எடுக்கவே இல்லை. ஈரத்தில் சட்டென்று நிற்பதை, உறுமுவதை, உருட்டிக்கொண்டு வந்தாள். ஓரங்கள் இதில் கெட்டி, கனமான வண்டி ஒடிந்து திரும்பினாலும் தாங்கும், சத்தம் இருக்கும் என்றாள். சத்தம் இருக்கட்டும், நிக்கணும், அதுதான் முக்கியம் என்றார். கூடவே வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். குறைத்துக்கொள்கிறேன் என்றார், குறைத்தும் கொண்டார். அடுத்த தடவை அவர் வந்தபோது ஒரு வருஷம் ஓடியிருந்தது.

அதற்கு நடுவில் அந்த ஆலைச் சாலைக்குப் புதுத் தார் போட்டார்கள். அந்த வேலையின் மேஸ்திரி, ஜீப்புக்கு டயர் வாங்க வந்தவர், பேச்சோடு பேச்சாக அலுத்துக்கொண்டார். மதிலிலிருந்து மண் ஓரம் வரை ஒரு சாண் விடாமல் போட்டார்களாம். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, நடுவில் ஒரு திட்டை ஏன் விட்டீர்கள் என்று திட்டினாராம். மறுபடி போட்டார்களாம். மறுபடியும் விட்டுப்போயிருந்ததாம். ரோலர் ஓட்டியவன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினானாம், நேராகத்தான் ஓட்டினேன் என்று.

"கடைசில என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"இன்ஜினியரே எறங்கி, நானே போடுறேன்னு மம்மட்டிய வாங்கினாரு" என்றார் மேஸ்திரி. "கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் மம்மட்டியத் திருப்பிக் குடுத்துட்டு, முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு."

அவள் ஜீப்பின் பழைய டயரைச் சுவரில் சாய்த்துக் காற்று எவ்வளவு வைக்கிறார்கள் என்று கேட்டாள்.