எட்டு மில்லிமீட்டர் முன்னால்

பல்செட் செய்கிறவளுக்கு அந்தப் பல் மருத்துவமனையில் ‘தாடையக்கா’ என்று பெயர். யாரைப் பார்த்தாலும் முதலில் தாடையைத்தான் பார்ப்பாள். பேருந்தில் எதிரே கொட்டாவி விடுகிறவர்கூடத் தப்ப முடியாது. கடைவாய்ப் பல் இரண்டைக் காணோம் என்று கணவன் காதில் கிசுகிசுப்பாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மருத்துவமனையின் பின்னறை அவள் ராஜ்ஜியம். வாயில் எடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பாள். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நடுவாள். பதினெட்டு வருடத்தில் ஒரு செட்கூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். வேலை தெரிந்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அப்படிப்பட்டவளிடம் ஒரு செட் திரும்பி வந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்த அம்மாவுடையது. ஆறு வருடங்களுக்கு முன் மேல்பற்கள் முழுக்கப் போனதும் மைக்கை விட்டு டிக்கெட் கவுன்ட்டருக்கு மாற்றப்பட்டவர். திங்கட்கிழமை குரல் தேர்வு. தேறினால் மறுபடி மைக். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை கவுன்ட்டர்தான். அதற்காகத் தாடையக்கா செய்து கொடுத்த புதுப் பல்லை மாட்டியதும் ‘த’ எல்லாம் குழைந்தது. இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும் என்றார் டாக்டர். அந்த அம்மாவிடம் இருந்தது நான்கு நாள். கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார்.

தாடையக்காவுக்குச் சுருக்கென்றது. பிளாஸ்டர் தாடையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

பல்லின் வேரை எலும்புக் குழிக்குள் நுண்ணிய நார்கள் பிடித்திருக்கின்றன. கடிக்கும்போதெல்லாம் அவை இழுத்து இழுத்து எலும்புக்கு வேலை கொடுக்கும். பல் போனால் எலும்பு சும்மா இருக்காது, கரைய ஆரம்பித்துவிடும். மேல்தாடையில் வெளிப்பக்கம்தான் அதிகம் கரையும். ஆறு வருடத்தில் எலும்பு மேடு உள்ளே தள்ளிப் போயிருந்தது. ஆடாமல் நிற்கட்டும் என்று அவள் அந்த மேட்டின் மேலேயே முன்பற்களை நட்டுவிட்டாள். வேலை தெரிந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒரு சின்னச் சதைமேடு உண்டு. எலும்பு எவ்வளவு கரைந்தாலும் அது ஏறக்குறைய அங்கேயேதான் இருக்கும். அதிலிருந்து அளந்தாள். எட்டு மில்லிமீட்டர் முன்னால் நின்றிருக்க வேண்டிய பல், மூன்றில் நின்றது. ‘த’ சொல்ல நாக்கு நுனி தேடிப் போகும் இடத்தில் பல் இல்லை.

நேராக டாக்டரிடம் போனாள்.

“தப்பு என்னோடது டாக்டர். பல்லை முன்னாடி நகர்த்தணும்.”

எலும்பை விட்டு வெளியே நட்டால் கடிக்கும்போது செட் தூக்கும் என்றார் அவர். நியாயமான பயம்தான்.

“உதடு பிடிச்சுக்கும். அவங்களுக்கு முன்பல்லு கடிக்கிறதுக்கு இல்ல, பேசுறதுக்கு. திங்கக்கிழமைக்குள்ள நான் முடிச்சுத் தர்றேன்.”

டாக்டர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுப் பல்லை மாட்டிய அந்த அம்மா கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணினார். பத்தில் ஒருமுறை, இருபதில் ஒருமுறை நின்று தாடையக்காவின் முகத்தைப் பார்த்தார். மேலே எண்ணுங்கள் என்று அவள் கையசைத்தாள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. ரயில் நாற்பது நிமிடம் தாமதமாக வரும், தாமதத்திற்கு வருந்துகிறோம் என்றது அந்தக் குரல், ஒரு ‘த’கூடக் குழையாமல். நடைமேடை முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த கணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார்.

“சும்மா இருங்க,” என்றாள் தாடையக்கா. “இன்னொரு தடவை சொல்லுவாங்க, கேட்கணும்.”