வயிற்றுக்குள் ஒரு பாலை மரம்

மண் இல்லாத இடத்தில் எதுவும் முளைக்காது என்று சிறுவயதில் உறுதியாக நம்பியிருந்தேன். நேற்று நண்பர் வீட்டு மாடியில், உரம் கரைத்த வெறும் தண்ணீரில் சலாதுக் கீரை தளதளவென்று நிற்பதைப் பார்த்ததும் என் கை தானாக வயிற்றைத் தடவியது.

1960களில், காட்டோரமாக இருந்த எங்கள் ஊர் நெடுங்கேணியில் பாலைப்பழக் காலம் வந்தால் பழத்தின் பால் பட்டு எங்கள் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் நான் கொட்டையையும் விழுங்கிவிடுவேன். "வயித்துக்க மண்ணோ கிடக்குது, மரம் வாறதுக்கு?" என்று அம்மா சொல்லியிருந்ததால் பயமில்லை.

ஒருநாள் வகுப்பில் வாத்தியார், "செடிக்கு மண் கட்டாயமில்லை. தண்ணியும் அதில கரைஞ்ச உப்புகளும் இருந்தாக் காணும். போன நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர் வளர்த்துக் காட்டிட்டினம்" என்றார்.

எனக்கு வியர்த்தது. தண்ணீரும் உப்பும் என் வயிற்றில் தாராளமாக இருந்தன. பாலையோ, வெட்டினால் லொறி பிடித்து ஏற்ற வேண்டிய மரம். அன்றே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.

"ஏன் தம்பி தண்ணி குடிக்கிறாயில்லை?" என்று அம்மா கேட்டார்.

"வயித்துக்க மரம் வந்திடும் அம்மா. மண் தேவையில்லையாம்."

"வந்தா நல்லம். பழத்துக்குக் காடு காடா அலையத் தேவையில்லை."

நான் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

மரம் வரவில்லை. தண்ணீர் குடிக்காததால் மலச்சிக்கல் வந்தது.