சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

கூட்டத்தில் பேச வேண்டாம் என்று என்னை யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தெரணியகலைக்கு மேலே, இறப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய எங்கள் லயம். அதை விட்டுத் தனித்தனி வீடுகளுக்குப் போக அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். அதை எப்படிச் செலவழிக்கலாம் என்று எங்களிடமே கருத்துக் கேட்கப் போகிறார்களாம். கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை எங்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. சரி, கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரர் இறப்பர்ப் பால் வெட்டப் போன இடத்தில் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து, நடக்க முடியாமல் போனவர். கோயில் கமிட்டியில் வீல்செயார் வாங்கிக் கொடுத்தார்கள். கையில் பலம் அப்படியே இருந்ததால் வீட்டுக்குள் அவரே உருட்டிக்கொள்வார். ஆனால் கக்கூஸ் லயத்துக்குக் கீழே, படி இறங்கிப் போக வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் மகன்கள் இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போகும் முன்பும், மாலையில் வந்த பிறகும் அவரைத் தூக்கிப் போவார்கள். தங்கமான பிள்ளைகள். இடையில் தூக்க ஆளில்லை. அதனால் காலையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார் மனுஷன். கேட்டால், பிடிக்கவில்லை என்பார். தேத்தண்ணி பிடிக்காத ஆளா அவர்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியாது.

கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுப் போகும் பிள்ளைமடுவத்தில் கூட்டம் நடந்தது. பிரதேச செயலகத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பையன், சின்ன வயசு. வீட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க சேர்" என்றது மொத்தக் கூட்டமும். பிள்ளைமடுவத்தின் சுவரைக் காட்டிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். படத்தில் வீட்டு வாசலில் இரண்டு தூண் வைத்து, முன்பக்கம் திறந்த இஸ்தோப்பு இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதிலேயே விழுந்துவிட்டார். "அந்த இஸ்தோப்புல செயார் போட்டு உக்காந்து மழைய பாக்கணும்" என்று என் காதில் சொன்னார்.

நான் எழுந்தேன். "கக்கூஸ் எங்கங்க சேர் இருக்கு?"

"பின்னால, வெளியில இருக்கம்மா."

"அதுக்குள்ள வீல்செயார் போகுங்களா?"

"போகும் எண்டுதான் நினைக்கிறன்."

"நினைச்சா பத்தாதுங்க சேர். தரையில கோடு போட்டுக் காட்டுங்க."

முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். பையனோ சிரித்துக்கொண்டே பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

வெளியே வொலிபோல் விளையாடும் திடல் இருந்தது. கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூளை இளவட்டங்கள் கொண்டுவந்தார்கள். உத்தியோகத்தர் அளந்து சொல்லச் சொல்ல, இஸ்தோப்பும் அதன் இரண்டு தூணும் ஹோலும் அறையும் சமைக்கிற குசினியும் தரையில் வெள்ளையாக விழுந்தன. பின்வாசலில் இரண்டு படி, அதைத் தாண்டிக் கக்கூஸ்.

எல்லாரையும் உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். எங்கள் ஆட்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒருவர் விடாமல் சுண்ணாம்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். குறுக்கே நடந்து வந்த ஒருவரை அக்கா பிடித்துக்கொண்டார். "சுவத்துக்குள்ள பூந்து வர்றீங்களே, வாசல் எதுக்கு இருக்கு?" உத்தியோகத்தரும் மெல்லச் சப்பாத்தைக் கழற்றினார்.

பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். முன்வாசலில் நுழைந்து, ஹோலைக் கடந்து, யார் உதவியும் இல்லாமல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. பின்வாசல் வந்ததும் நின்றார்.

அக்காவின் மகன்கள் இரண்டு பேரும் யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு பக்கம் வந்தார்கள். குனிந்து வீல்செயாரைத் தூக்கி, சுண்ணாம்புப் படி இரண்டையும் இறங்கி, கக்கூஸ் வாசலில் வைத்தார்கள். வெறும் கோடு என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே உருட்டினார். வாசல் போதாமல் சக்கரம் கோட்டில் ஏறி, சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு போனது.

"சேர், குடி வர்றதுக்கு முந்தியே சுவத்த இடிச்சிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

உத்தியோகத்தர் குனிந்து, இழுபட்ட கோட்டை நாடாவால் அளந்தார். கக்கூஸை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து, வாசலை அகலமாக்கி, படிக்குப் பதிலாகச் சரிவு போடலாம் என்றார். "ஆனா ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் காசு. ஒண்டைக் கூட்டினா ஒண்டைக் குறைக்கவேணும். எல்லா வீட்டுக்கும் ஒரே பிளான். எல்லாரும் ஓமெண்டு சொன்னாத்தான் நான் எழுதலாம்."

"இஸ்தோப்ப எடுத்துருங்க" என்றேன்.

முணுமுணுப்பு எழுந்தது. "ஒரு ஆளுக்காக எல்லார் வீட்டுலயும் கை வைக்கணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்களும் அந்தச் சரிவுலதானே அண்ணே பால் வெட்டுறீங்க?" என்று திரும்பிக் கேட்டேன். அப்போதும் ஓம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லார் கண்ணும் அக்காவிடம் போனது. அவர் இஸ்தோப்பில், தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது. அவரிடம் சண்டை போட எனக்கு வாய் கிடையாது. அவர் பெற்ற பிள்ளைகள் அல்லவா தூக்குகிறவர்கள்.

"எம் மகனுங்க ரெண்டும் கொழும்புக்கு வேலைக்குப் போறேன்னு நிக்குதுங்க. போயிட்டா யாரு தூக்குறது?" என்றார் அக்கா. வெறுங்காலால் ஒரு தூணை அழித்தார். அப்புறம் அடுத்ததையும் அழித்தார். "வேணாங்க சேர் இஸ்தோப்பு. மழைய ஜன்னல்ல பாத்துக்கிறேன்."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. லேசில் அழுகிற ஆள் இல்லை நான். அன்று எல்லார் முன்னாலும் அழுதேன்.

அன்று பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து போனது. கட்டி முடிப்பதற்குள் இழுத்தடித்தார்கள்தான். நான் விடுகிற ஆளா? செயலகத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் போய்க் கேட்டேன். என் தலையைக் கண்டதுமே அந்தப் பையன் எங்கள் வீட்டுப் பைலை எடுத்து வைத்துவிடுவார்.

குடிபோன அன்று பால் காய்ச்சி எல்லாருக்கும் கொடுத்து முடிந்தபோது மத்தியானமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தானே உருட்டிக்கொண்டு கக்கூஸுக்குள் போனார். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் பழக்க தோஷத்தில் வெளியிலேயே நின்றேன்.

"அங்க என்ன காவல்? போ அந்தப் பக்கம்" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

போனேன். அவர் குசினிக்கு வந்து, "தேத்தண்ணி இருக்கா?" என்றார். ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாஸை மறுபடியும் என் பக்கம் நீட்டினார்.