வேலிக்கு அந்தப் பக்கத்து மாடுகள்

குளிர்காலத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வேலை: தன் மாட்டுக்குத் தீனி போடுவது, பக்கத்து வேலி மாட்டைப் பார்த்து வயிறு எரிவது. டெக்சஸில் கொஞ்சம் நிலமும் நாலைந்து மாடும் வாங்கிவிட்டு என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். வீட்டுக்காரர் இர்விங் நகரத்து ஆபீஸுக்குப் போகிறார். எட்டாவதோடு நின்ற நான் மாடு பார்க்கிறேன். கறிக்கு வளர்க்கிற இனம். கன்றுகள் ஏலத்துக்குப் போகும். அப்புறம் எங்கே என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் சுமதி. அவளும் எங்கள் தாராபுரம் பக்கம்தான், ஆனால் டிகிரி படித்தவள். அவள் மாடுகள் ஜனவரியிலும் மினுமினுக்கும். தலைச்சன் கன்றைச் சுமக்கிற என் செவலைக்கோ விலா எலும்பை எண்ணலாம். வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "கன்னு போடறதுக்குள்ள தேத்த முடியலைன்னா, செவலையைச் சுமதிகிட்டயே கொடுத்துரலாம்."

ஊறல்

ஊரில் புண்ணாக்கை ஊறவைத்துத்தான் கொடுப்போம். இங்கே தீவனம் விரல் பருமன் கட்டிகளாக மூட்டையில் வருகிறது. அதையும் வெந்நீரில் கரைத்து, சாயங்காலமே தொட்டியில் ஊற்றி வைத்தேன். வடக்குக் காற்று அடித்து, விடிவதற்குள் எல்லாம் உறைந்து பாறையாகிவிட்டது. மாடுகள் நக்கிக்கொண்டு நின்றன.

நான் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தபோது சுமதி வேலியோரம் வண்டியை நிறுத்தினாள். அவள் அந்தக் கட்டிகளைக் காய்ந்தபடியே தரையில் நீளமாகத் தூவிக்கொண்டு போகிறவள். கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டாள்: "ஏனுங்கக்கா, ஐஸ்கிரீமா போடறீங்க?"

ஹாரன்

தீனி நேரத்தில் வண்டி ஹாரன் அடித்தால் மாடுகள் ஓடிவரும். ஒரு சனிக்கிழமை நான் தீனியை இறக்கும்போதே அந்தப் பக்கம் சுமதியின் ஹாரன் கேட்டது. என் மாடுகள் என்னை விட்டுவிட்டு அவள் வேலிக்கு ஓடின. நானும் விடாமல் ஹாரன் அடித்தேன். செவலை மட்டும் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளும் போய்விட்டாள்.

தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற என் மகள் வண்டிக்குள் இருந்தாள். "அம்மா, தே லைக் ஹர் பெட்டர்."

ஒரு கைப்பிடி

சுமதியின் புல்கட்டு பச்சையாக இருக்கும். என்னுடையது டீத்தூள் நிறம். அதுதான் காரணம் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சுமதி கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வேலிக்குள் கைவிட்டு ஒரு பிடி உருவிக்கொண்டேன். என் புல்லிலும் ஒரு பிடி எடுத்து, இரண்டும் என்னுடையதுதான் என்று சொல்லித் தீவனக் கடைப் பெரியவரிடம் சத்து டெஸ்ட்டுக்குக் கொடுத்தேன்.

முடிவு வந்தது. டீத்தூள் நிறப் புல்லில்தான் சத்து அதிகம். எனக்குக் கடையிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்படியானால் மாடு ஏன் இளைக்கிறது என்று கேட்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேம், யுவர் ஹே இஸ் ஃபைன். ஹூ இஸ் ஈட்டிங் இட்?"

காரி

மறுநாள் தீனி போட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். என் மாடுகளில் பெரியவளான காரி தன் பங்கைத் தின்றாள், பிறகு செவலையை விலாவில் முட்டித் தள்ளிவிட்டு அவள் பங்கையும் தின்றாள். செவலை காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிச்சத்துக்குக் காத்து நின்றாள். ஒருத்தியே எல்லாவற்றையும் மறித்துத் தின்ன முடியாதபடிதான் சுமதி நீளமாகத் தூவுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் இன்னும் எரிந்தது. செவலையைத் தனித் தடுப்புக்குள் விட்டு, அங்கேயே தீனி வைத்தேன்.

பிப்ரவரிக் கடைசியில் செவலை, வால் பக்கத்துப் பள்ளம் சதை பிடித்து மூடி, யார் உதவியும் இல்லாமல் கன்று போட்டாள். வீட்டுக்காரர் அதன்பிறகு சுமதி பேரை எடுக்கவில்லை. சுமதியே பார்க்க வந்தாள். கன்றைப் பார்க்காமல் செவலையின் முதுகையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க, போன வாரம் உங்க புல்லுல ஒரு கைப்பிடி எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணினேனுங்க."

நான் கோபித்துக்கொள்ளவும் இல்லை, நான் உருவிய கைப்பிடியைப் பற்றி மூச்சு விடவும் இல்லை. இனி வரும் குளிர்காலத்தில் அவளும் கொஞ்சம் வயிறு எரியட்டும்.