நாற்காலியின் நுனியில்

ஒரு மழை நாளில் ஓவியக் கூடத்துக்கு வந்த பெண்பிள்ளை ஒருத்தி, கம்பி முறிந்த தன் குடையை வாசல் வாளியில் செருகிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து விரித்தபோது குடை ஒழுங்காக விரிந்தது. மடக்கிப் பார்த்தாள். மறுபடியும் விரித்தாள். நம்முடையதுதானா என்று கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மழைக்குள் நடந்தாள். சுவரோர பெஞ்சில் இருந்த குடைக்காரர் குறடைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எங்கோ பார்த்தார்.

வாசலில் பைகளை வாங்கி வைத்து எண் போட்ட வில்லை கொடுக்கிற பையக்கா மட்டும்தான் அதைக் கண்டவள்.

"என்னண்ணே, யார் வீட்டுக் குடைக்கோ வைத்தியம் பார்க்கிறீங்க?"

"முறிஞ்ச கம்பியப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது தங்கச்சி. நீ பார்க்காத மாதிரி இரு."

அவருக்கு பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை. குடை, பை, ஜிப் எல்லாம் சரிசெய்வார். ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குச் சீட்டு வாங்க வேண்டாம் என்பதால் அன்றைக்கு வருவார். கருவிப்பையைப் பையக்காவிடம் கொடுத்துவிட்டு நேராக ஒரே ஒரு படத்துக்கு முன்னால் போய் நிற்பார். மற்றப் படங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

அந்தக் கட்டடமே ஒரு தினுசு. தூணில் ஒரு பூ கிடையாது, சுவருக்குப் பூச்சு கிடையாது. வார்த்த சிமெண்ட், பலகை பதிந்த வரிகளோடு அப்படியே நிற்கும். முதல்நாள் வேலைக்கு வந்த பையக்கா, பாவம், பாதிக் கட்டடத்தில் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். உள்ளே இருந்த படங்களும் கட்டடத்துக்கு ஏற்ற ஜோடிதான். குடைக்காரர் பார்க்கும் படத்தில் சாம்பல் கட்டம் ஒன்று, ஒரு பக்கம் சரிந்த கறுப்புக் கட்டம் ஒன்று, கீழிருந்து சாய்வாக ஏறும் நீண்ட மஞ்சள் கோடு ஒன்று. கீழே அட்டையில் "நாற்காலியில் பெண்" என்று எழுதியிருந்தது. நாற்காலியும் இல்லை, பெண்ணும் இல்லை.

"அப்படி என்னதான்ணே இருக்கு அதுல?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"என் வீட்டுக்காரி இருக்கா," என்றார்.

அவர் மனைவி அந்த ஓவியர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஓவியர் அவளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இந்த நாற்காலியில உக்காரும்மா" என்றாராம். சில நாள் காலையில் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். முடிந்ததும் வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தாளாம். "என்னைத் தவிர எல்லாத்தையும் வரைஞ்சிருக்காருங்க!" இப்போது ஓவியரும் இல்லை, அவளும் இல்லை.

"வீட்டுல போட்டோ இருக்குமே?"

"கேமரா எங்க வீட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு, கல்யாணத்தன்னிக்கு. அப்புறம் ஒருநாள் வெள்ளம் வந்துச்சு." சற்று நேரம் வில்லையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "மூஞ்சி மறந்துட்டு வருது தங்கச்சி. கனவுல வந்தாக்கூட முதுகைக் காட்டிட்டுப் போறா. இதுல எங்கயாச்சும் இருப்பாதானே? பார்த்துத்தானே வரைஞ்சாரு?"

தினமும் காலையில் வில்லைப் பெட்டியைத் திறக்குமுன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பது பையக்காவின் வழக்கம். அன்றிலிருந்து தன் பிள்ளைகளுக்குக் கேட்டு முடித்ததும், அந்த மனுஷருக்கு அந்த முகத்தை ஒருதரம் காட்டிவிடு சாமி என்றும் சேர்த்துக் கேட்டாள்.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விளக்கம் சொல்லும் அம்மாவிடம் பையக்கா மெல்ல விசாரித்தும் பார்த்தாள். "கேமரா வந்ததுக்கப்புறம் மூஞ்சிய அச்சா வரையிற வேலை ஓவியர்களுக்கு இல்லாமப் போச்சு. கேமராவுக்கு அகப்படாத ஏதோ ஒண்ணைத் தேட ஆரம்பிச்சாங்க. அதான் நவீன ஓவியம்" என்றார் அவர். தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஏதோ ஒன்று எது என்று பையக்காவுக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு குடைக்காரர் தன் மச்சானையும் கூட்டிவந்தார். கூடப்பிறந்தவனுக்காவது அடையாளம் தெரியாதா என்கிற ஆசை. மச்சான் கிட்டே போய்ப் பார்த்தான், எட்டி நின்று பார்த்தான், தலையைச் சாய்த்தும் பார்த்தான்.

"மாமா, இதுவா எங்க அக்கா? உங்க கடைக்குள்ள சூறைக்காத்து புகுந்த மாதிரியில்ல இருக்கு!"

குடைக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பையை வாங்கிக்கொள்ளும்போது சிரிப்பு இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறு ஆளே வரவில்லை.

மறுபடி வந்த அன்று நல்ல மழை. கூடத்தில் ஈ காக்கை இல்லை. படத்துக்குப் பக்கத்தில் கிடந்த காவல்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. பையக்கா தன் இடத்தை விட்டு உள்ளே போனாள்.

"அண்ணே, அண்ணி நாற்காலியில எப்படி உக்காருவாங்க?"

"அவ எங்க உக்காந்தா..."

"உக்காந்தாங்கன்னா எப்படி? நான் உக்கார்றேன், சொல்லுங்க." சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

குடைக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இப்படி இல்ல. சாய மாட்டா. முன்னால வா. இன்னும் கொஞ்சம். நுனிக்கு வா. இடது தோளை இறக்கு, அந்தக் கையிலதான் வாளி தூக்குவா. ம்... யாரோ கூப்பிடப் போறாங்க, உடனே எந்திரிக்கணும். அப்படி இரு."

பையக்கா அப்படியே இருந்தாள். தொடை நடுங்கியது. இப்படியா ஒருத்தி ஆயுசு முழுக்க உட்கார்ந்தாள் என்று நினைத்தாள். அப்புறம்தான், தானும் வாசலில் அந்த முக்காலியில் இப்படித்தான் இருக்கிறோம் என்று உறைத்தது.

குடைக்காரரின் கண் அவள் தலைக்கு மேலே, படத்துக்குப் போய்விட்டது. அவள் அசையாமல் கழுத்தை மட்டும் திருப்பினாள். கறுப்புக் கட்டமும் அந்தத் தோள் பக்கமே சரிந்திருந்தது. மஞ்சள் கோடு கீழிருந்து கிளம்பி, நிமிர்ந்தும் நிமிராமலும் பாதியில் நின்றது.

"எந்திரிக்கப் போறா," என்றார் அவர். "கூப்பிட்டா எந்திரிச்சிருவா."

அந்த நேரம் பார்த்துக் காவல்காரர் வந்து சேர்ந்தார். "யக்கா, என் நாற்காலியில என்ன ஓவியம் நடக்குது?"

பையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

முகம் கிடைக்கவில்லை. அந்தக் குறை குறையாகவேதான் இருந்தது. ஓவியர் முகத்தை விட்டுவிட்டார். உட்கார்ந்தும் உட்காராமல் ஒருத்தி இருந்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கு அப்புறமும் குடைக்காரர் வந்துகொண்டுதான் இருந்தார். முன்னெல்லாம் தேடியவர், இப்போது சும்மா நின்றார். சில நாள் உதடு அசையும். அவர் கூப்பிட்டுப் பார்க்கிறாரோ என்று பையக்காவுக்குத் தோன்றும். அதை அவள் கேட்டதில்லை.

பிறகு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தூரத்து ஊரில் இருக்கும் மகள் வந்து கடையைக் காலி செய்துவிட்டு அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகக் கிளம்பினாள். புறப்படுகிற அன்று ஞாயிறுகூட இல்லை. அவர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மகள் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து வந்து வில்லையைக் கொடுத்தார். பையக்கா பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். வாங்கியவர் நகரவில்லை.

"தங்கச்சி, உள்ள போக வர அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. வேலையெல்லாம் முடிஞ்சுது, இனி யாரும் கூப்பிட மாட்டாங்க, நல்லா சாஞ்சு உக்காரச் சொல்லு."