உள்ளங்கை வாடை

விடுதியின் மதுக்கூடத்தில் அவருக்குச் சொட்டு மாமா என்று பெயர். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால்தான் விஸ்கி வாயைத் திறக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். வருஷக்கணக்காக ஊற்றிக் கொடுத்தார், தானும் ஊற்றிக்கொண்டார். மனைவி இறந்துபோனதும் அளவு கூடிற்று. மகள் கல்யாணத்தில் சம்பந்தியின் சட்டை மேல் வாந்தி எடுத்தார். மகள் பேச்சை நிறுத்தினாள்.

பேரன் பிறந்தபின் சொல்லி அனுப்பினாள்: "வாடையில்லாம வந்தா தூக்கலாம்." அதற்கப்புறம் அவர் நாக்கில் விஸ்கி படவில்லை. மாசங்கள் போய், தைரியம் வந்து, எப்போது வரட்டும் என்று கேட்டார். அவள் சொன்ன சாயங்காலம், பழைய முறையில் காய்ச்சிய விஸ்கிக்கென்று விடுதி வருஷா வருஷம் கொண்டாடும் நாளாகப் போயிற்று. வேறு நாள் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அன்று ஒரே கூட்டம். குடிக்காமல் ருசி காட்ட அவர் ஒரு வழி வைத்திருந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்ப்பார். காரம் பறந்துபோய், தானியமும் மரப்பீப்பாயும் மட்டும் மணக்கும். கையை நீட்டுவார். ஆட்கள் குனிந்து முகர்வார்கள்.

"நீங்களும் ஒரு வாய் போடுங்க மாமா. சமையல்காரரே பட்டினி கிடந்தா எங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"என் பங்கை முன்னாடியே குடிச்சு முடிச்சுட்டேன் தம்பி."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். சட்டை மாற்றினார். கையை முகர்ந்தார், சோப்புதான் மணந்தது. இருந்தும் சந்தேகம். கிளாஸ் கழுவுகிறவரிடம் நீட்டினார்.

"வருதா பாருங்க."

அவர் இழுத்து முகர்ந்தார். "துளிகூட வரல மாமா. மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க, கிளம்புங்க."

காலையிலிருந்து அதே காற்றில் நின்ற இரண்டு மூக்குகள். அது இருவருக்கும் தோன்றவில்லை.

மகள் கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. கையை நீட்டிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தார். அவள் மூக்கு சுருங்கியது. ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"நாக்குல படலம்மா. கையில தேய்ச்சதுதான். வேலை அப்படி."

"கல்யாணத்தன்னைக்கும் குடிக்கல, சட்டையில கொட்டிடுச்சுன்னுதான் சொன்னீங்க."

சொன்னார்தான். அன்று பொய் எவ்வளவு சரளமாக வந்தது. நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. கதவைப் பாதி சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பையனுக்குத் தூக்கம்ப்பா. இன்னொரு நாள் வாங்க."

குழந்தை கண்ணை அகல விழித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா, தூங்கட்டும்" என்றார்.